மரித்தோர்க்கும் மோட்ச வாயில்: பொதுக் கிறித்தவமும் மோர்மன் நெறியும்

இறந்தபின் உயிர் எய்துங் கதி யாது என்னும் வினா உலகச் சமயங்கள் யாவற்றிற்கும் பொதுவானது. ஆயின், வீடுபேற்றுக்கு வழி ஒன்றே என்றும், அவ்வழி வரலாற்றில் ஒரு குறித்த காலத்தில் ஒரு குறித்த நாட்டிலே திறக்கப்பட்டது என்றும் ஒரு சமயம் கூறுமிடத்து, அவ்வினாவோடு மற்றொரு வினாவும் உடன்தோன்றுகின்றது. அவ்வழி திறக்கப்படுமுன் இறந்தோர் எக்கதி எய்தினர்? திறந்த செய்தி தம் செவிக்கு எட்டாமலே மாண்டோர் எக்கதி எய்துவர்? கிறித்தவ சமயத்தின் ஈராயிரம் ஆண்டு வரலாற்றில் இவ்வினா பலகாலும் எழுந்து பல விடைகளைப் பெற்றது. அவற்றுள் மிகப் புதுமையானதும், பிற கிறித்தவரால் மிகக் கடுமையாக மறுக்கப்பட்டதும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றிய மோர்மன் நெறியார் கண்ட விடையாகும். இவ்விரு சாராரின் கொள்கைகளையும் அவை உருவான வரலாற்றோடு வைத்து நோக்குதல் பயனுடைத்து.

இவ்வினா ஏட்டளவில் நின்ற வினா அன்று. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய நெதர்லாந்தின் கரையோரப் பகுதியாகிய பிரீசிய நாட்டை இராட்போட் என்னும் அரசன் ஆண்டான். அவன் ஞானஸ்நானம் பெற உடன்பட்டுத் தொட்டியில் ஒரு காலை வைத்த பின்னர், தன் முன்னோராகிய அரசர்கள் மோட்சத்தில் உளரோ நரகத்தில் உளரோ என வினவினான் என்றும், அவர்கள் நரகத்திலேயே உளர் என விடை வந்ததும், சிலரோடு மோட்சத்தில் இருத்தலினும் தன் முன்னோரோடு இருத்தலே தக்கது எனக் கூறிக் காலை மீட்டுக்கொண்டான் என்றும் பிற்காலச் சரிதமொன்று கூறும். கதை நிகழ்ந்ததாயினுமாக, புனைந்ததாயினுமாக. அவ்வினா அக்காலத்து மக்கள் உள்ளத்தை உறுத்தியது என்பதற்கு அது சான்றாகும். இராட்போட் 719ஆம் ஆண்டில் கிறித்தவனாகாமலே இறந்தான்.

எண்ணூறு ஆண்டுகளின் பின் அதே வினா கீழ்த்திசையில் எழுந்தது. 1542 முதலாக இந்தியாவிலும், சிறப்பாக முத்துக்குளித்துறைப் பரதவரிடையேயும் பணிபுரிந்த அர்ச். பிரான்சிஸ் சவேரியார், 1549 தொடக்கம் 1551 வரை யப்பான் நாட்டிலே போதித்தார். அங்கிருந்து மீண்டபின் 1552ஆம் ஆண்டு சனவரியிற் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், புதிதாகச் சமயஞ் சேர்ந்த யப்பானியர் தம் பெற்றோரும் முன்னோரும் நரகத்தினின்றும் மீளார் என்று கேட்டுக் கண்ணீர் விட்டதையும், செபத்தாலும் தருமத்தாலும் அவர்க்கு உதவ இயலாதோ என வினவியதையும், அவர் துயர் கண்டு தாமும் வருந்தியதையும் அவர் குறித்துள்ளார். மோட்சத்தின் இன்பத்தைக் கூறிய வாயே முன்னோரின் இழப்பையும் கூறவேண்டியிருந்தது.

பொதுக் கிறித்தவக் கொள்கை

கத்தோலிக்கர், கீழைத் திருச்சபையார், புரட்டஸ்தாந்தர் என்னும் மூன்று பெரும் பிரிவினரும் சில அடிப்படைகளில் ஒத்தவர். முதன் மனிதனின் வீழ்ச்சியால் மானிடம் இறைவனை விட்டு விலகியது. இயேசு கிறிஸ்துவின் மரணத்தாலும் உயிர்த்தெழுதலாலும் அவ்விலகல் நீங்கியது. மனிதன் மீட்கப்படுவது தன் ஆற்றலால் அன்று, இறைவன் அருளாலேயாம். மனிதன் பிறப்பது ஒருமுறை, இறப்பது ஒருமுறை; அதன்பின் தீர்வை. உலக முடிவில் அனைவரும் உடலோடு உயிர்த்தெழுவர். நல்லோர் இறைவனை முகமுகமாய்க் காணும் பேரின்பத்தையும், தீயோர் முடிவற்ற இழப்பையும் எய்துவர். இவை பெரும்பான்மையோர்க்கு உடன்பாடானவை.

சிக்கல் எழுவது அடுத்த படியிலேயாம். நீரினாலும் ஆவியினாலும் பிறவாதவன் தேவராச்சியத்துட் புகான் என யோவான் சுவிசேஷம் கூறுதலின், ஞானஸ்நானம் இன்றியமையாதது எனத் திருச்சபை கொண்டது. ஐந்தாம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவின் ஹிப்போ நகர் ஆயராய் விளங்கிய அர்ச். அகுஸ்தீனார், பெலாஜியு என்பாரோடு வாதிட்ட காலத்து, இதனை அதன் முடிவு வரையிற் கொண்டு சென்றார். சென்மபாவம் எல்லோரையும் பற்றியிருத்தலின் ஞானஸ்நானம் பெறாது இறந்த குழந்தையும் ஆக்கினைக்கு உரியதே என்றும், ஆயின் அதற்கு நேரும் ஆக்கினை எல்லாவற்றினும் மெலியது என்றும் அவர் கூறினார். பெலாஜியுவின் கொள்கையை 418இற் கூடிய கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது.

இம்முடிவின் கடுமை பின்வந்தோர்க்கும் பொறுத்தற்கரியதாயிற்று. ஆகவே இடைக்காலத்து இறையியலார் 'லிம்போ' என்னும் ஓர் எல்லை நிலையை வகுத்தனர். அது நரகத்தின் விளிம்பிலுள்ளது, ஆங்குக் குழந்தைகட்கு வேதனை இல்லை, இறைக்காட்சியும் இல்லை. பழைய ஏற்பாட்டுக் காலத்து நீதிமான்கள் மற்றொரு லிம்போவிற் காத்திருந்தனர் என்றும், கிறிஸ்து மரித்துப் பாதாளத்தில் இறங்கியபோது அவர்களை விடுவித்தார் என்றும் கூறினர். தாந்தே தம் பெருங்காவியத்தில், தமக்கு வழிகாட்டிய உரோமப் பெரும்புலவர் வேர்ஜிலை லிம்போவிலேயே நிறுத்தினார். தாம் பேரன்பு கொண்ட ஆசானுக்கு அதனினும் உயர்ந்த இடம் அளிக்க அக்காலத்துக் கொள்கை அவர்க்கு இடந்தரவில்லை.

உத்தரிக்கிற ஸ்தலம் இவற்றின் வேறானது. 1274இற் கூடிய இரண்டாம் லியோன் சங்கமும், பின் புளோரன்ஸ் சங்கமும், 1563இல் திரெந்து சங்கமும் அதனை உறுதிசெய்தன. ஆயினும் அது தேவ அருளுள் இறந்து, தூய்மை நிறைவுறாத ஆன்மாக்கட்கு உரியதேயன்றி, வெளியில் நின்றோர்க்கு உரிய வாயில் அன்று. வெளியில் நின்றோரைக் குறித்துப் புளோரன்ஸ் சங்கம் 1442இல் வெளியிட்ட கட்டளை, திருச்சபைக்குப் புறம்பே மீட்பு இல்லை என மிகக் கண்டிப்பாக உரைத்தது.

பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர் உத்தரிக்கிற ஸ்தலத்தையும் லிம்போவையும் விலக்கினர். அதனால் மறுமை மோட்சமும் நரகமுமாகிய இரண்டே நிலையாய்ச் சுருங்கியது. விசுவாசம் ஒன்றாலேயே மீட்பு என்றார் லூத்தர். மீட்கப்படுவோரையும் இழக்கப்படுவோரையும் இறைவன் ஆதியிலேயே முன்குறித்தான் என்றார் கல்வின். இறந்தோர்க்காகச் செபித்தலும் பயனற்றதாயிற்று. உயிர் பிரிந்த கணத்திலே கணக்கு முடிந்தது என்பதே அவர் துணிபு.

இக்கடுமைக்கு மாறான குரல்களும் இல்லாமலில்லை. இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீனு என்னும் இரத்தசாட்சி, கிறிஸ்துவுக்கு முன்னர் அறிவின் வழி வாழ்ந்த சோக்கிரதீசர் முதலியோரும் ஒருவாற்றாற் கிறித்தவரே என்றார். சுவிற்சலாந்துச் சீர்திருத்தக்காரராகிய சுவிங்கிளி 1531இல் எழுதிய நூலிற் சோக்கிரதீசரையும் உரோமச் சான்றோர் சிலரையும் மோட்சவாசிகளோடு வைத்து எண்ணினார். அதற்காக லூத்தர் அவரைக் கடிந்துகொண்டார். பெற விரும்பியும் பெறாது இறந்தோர்க்கு அவ்விருப்பமே ஞானஸ்நானமாகும் என்னுங் கொள்கையும் கத்தோலிக்கரிடையே வழங்கியது. ஆயினும் இவையெல்லாம் விதிக்குப் புறனடைகளாகவே நின்றன.

வேதாகமத்தின் இரு புதிர்கள்

பின்னர் மோர்மன் நெறியார் பற்றுக்கோடாகக் கொண்ட வேதாகம இடங்கள் இரண்டு. பேதுருவின் முதலாம் நிருபம், கிறிஸ்து காவலிலுள்ள ஆவிகட்குப் போதித்தார் என்றும், மரித்தோர்க்கும் சுவிசேஷம் அறிவிக்கப்பட்டது என்றும் கூறுகின்றது. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்திலே, உயிர்த்தெழுதல் இல்லையாயின் மரித்தோருக்காகச் சிலர் ஞானஸ்நானம் பெறுவது எதற்கு எனப் பவுல் வினவுகின்றார்.

பவுல் குறித்த வழக்கம் யாது, அதனை அவர் ஏற்றாரோ அன்றி எடுத்துக்காட்டிய அளவில் நின்றாரோ என்பதில் உரைகாரர் பலதிறத்தர். மார்க்கியோன் என்பாரைப் பின்பற்றியோரிடையே இத்தகைய வழக்கம் இருந்தது என நான்காம் நூற்றாண்டில் அர்ச். கிறிசோஸ்தோமு குறிப்பிட்டு அதனை எள்ளுகின்றார். மரித்தோர்க்கு ஞானஸ்நானம் வழங்குதலை 397இற் கூடிய கார்த்தேஜ் சங்கம் விலக்கியது. அதன்பின் ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு மேலாக அவ்வசனம் பெருந்திருச்சபைகளில் உரைகாரர் வாதிடும் அரிய தொடராக மாத்திரம் நின்றது. அதனை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது அமெரிக்கக் குடியானவக் குடும்பம் ஒன்றின் துயரமாகும்.

சிமித் குடும்பத்தின் இழப்பு

மோர்மன் நெறியின் தாபகர் யோசேப்பு சிமித் 1805ஆம் ஆண்டு திசம்பர் 23ஆம் நாள் வேர்மொன்ற் மாநிலத்திற் பிறந்தார். அவர் குடும்பம் சமயத்தாற் பிளவுண்ட குடும்பம். எல்லோரும் முடிவில் மீட்கப்படுவர் என்னும் 'சருவ மீட்பு' வாதம் அக்காலத்து அமெரிக்காவிற் பரவியிருந்தது. யோசேப்பின் பாட்டனார் அவ்வாதத்தினர்; 1797இல் அவரும் யோசேப்பின் தந்தையாரும் அக்கொள்கையினர் சங்கமொன்றிற் சேர்ந்திருந்தனர். தாயாரோ பிரெஸ்பிற்றேரியன் சபையிற் சேர்ந்தார். கருணையை வலியுறுத்திய கொள்கை ஒருபுறமும் தேர்ந்தெடுப்பை வலியுறுத்திய கொள்கை மறுபுறமுமாக ஒரே கூரையின்கீழ் நின்றன.

இந்நிலையில் 1823ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், நியூ யோர்க் மாநிலத்துப் பல்மைராவில், மூத்த மகன் அல்வின் தன் இருபத்தைந்தாம் வயதில் மாண்டான். வயிற்று நோயுற்ற அவனுக்கு மருத்துவர் கொடுத்த இரசமருந்தே அவன் சாவை விரைவித்தது எனத் தாயார் எழுதிவைத்தார். அவன் ஞானஸ்நானம் பெற்றவனல்லன், எச்சபையிலும் சேர்ந்தவனல்லன். அடக்கச் சடங்கிற் பேசிய குருவானவர் அல்வின் நரகஞ் சேர்ந்தான் எனக் குறிப்பாற் புலப்படுத்தினார் என்றும், அதனால் தந்தையார் மனம் புண்பட்டு அச்சபையை அணுகாராயினார் என்றும் தம்பி வில்லியம் தம் முதுமையிற் கூறினார். உழைத்துப் பெற்றோர்க்கு வீடு கட்டிக்கொண்டிருந்த மகன், அடக்க நாளிலேயே நரகத்திற்குரியவன் எனப்பட்டான்.

விதியிலிருந்து வழிக்கு

1830ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மோர்மன் நூல் வெளிவந்தது. அதே ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் சபை அமைக்கப்பட்டது. அச்சபையின் இன்றைய பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது. மோர்மன் என்பது பிறர் இட்டு வழங்கிய பெயர். மோர்மன் நூலின் மறுமைக் கொள்கை பெரும்பாலும் அக்காலத்துப் புரட்டஸ்தாந்தக் கொள்கையை ஒத்ததே. மோட்சம், நரகம் என்னும் இரண்டும் அதில் எதிரெதிராய் நிற்கின்றன. மனந்திரும்புதலைச் சாவுக்குப் பின்னுக்குத் தள்ளாதீர் என அது எச்சரிக்கின்றது. ஆயினும் ஓரிடத்தில் அது வேறுபடுகின்றது. குழந்தைகளும், நியாயப்பிரமாணத்தை அறியாதோரும் கிறிஸ்துவின் பலியால் ஆக்கினைக்கு நீங்கியவர் என அது கூறிக் குழந்தை ஞானஸ்நானத்தை வன்மையாக மறுக்கின்றது. சென்மபாவத்தால் தண்டனை இல்லை. அவனவன் தன் பாவத்திற்கே பொறுப்பாளி என்பது பின்னர் அச்சபையின் விசுவாசப் பிரமாணங்களில் ஒன்றாயிற்று.

1832ஆம் ஆண்டு பெப்புருவரி 16ஆம் நாள், ஒகையோ மாநிலத்தில், யோசேப்பு சிமித்தும் சிட்னி றிக்டனும் தாம் கண்டதாக வெளியிட்ட தரிசனம் இருமைக் கொள்கையை உடைத்தது. சூரியனின் மகிமை வேறு, சந்திரனின் மகிமை வேறு, நட்சத்திரங்களின் மகிமை வேறு எனப் பவுல் கூறியதைப் பற்றி, மறுமையில் மூன்று மகிமை உலகங்கள் உள என அது வகுத்தது. சூரியனை ஒத்த முதலுலகு, கிறிஸ்துவை ஏற்று ஞானஸ்நானம் பெற்று நிலைத்தோர்க்கு உரியது. சந்திரனை ஒத்த இரண்டாமுலகு, நல்லோராயினும் சுவிசேஷத்தை முற்றும் ஏற்காதோர்க்கும், அறியாது இறந்தோர்க்கும் உரியது. நட்சத்திரங்களை ஒத்த மூன்றாமுலகு, பொய்யரும் விபசாரரும் போன்றோர் நரக வேதனையை அனுபவித்துக் கழித்தபின் சேருமிடம். அம்மூன்றாமுலகின் மகிமைதானும் மனித அறிவுக்கு எட்டாதது எனப்பட்டது. இறைவனை முற்ற அறிந்தும் வேண்டுமென்றே மறுத்த மிகச் சிலரே முடிவான இருளுக்கு உரியர்.

சபையாருட் பலருக்கும் இது அதிர்ச்சியாயிற்று. தம் பழைய கல்விக்கு இது முற்றிலும் மாறாயிருந்தது என்றும், உடனே தள்ளாது பொறுத்திருந்து ஆராய்ந்தே ஏற்றுக்கொண்டதாகவும் பின்னர்த் தலைவரான பிரிகம் யங் கூறியுள்ளார்.

எனினும் இத்தரிசனத்தின்படியும் அல்வினுக்கு உரியது இரண்டாமுலகே. நான்கு ஆண்டுகள் கழித்து, 1836ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள், கேட்லன்ட் ஆலயத்தில் யோசேப்பு மற்றொரு தரிசனத்தைக் கண்டார். அதில் ஆதாமும் ஆபிரகாமும் இருந்த முதலுலகிலே தம் தாய்தந்தையரோடு அல்வினையும் கண்டதாகக் கூறினார். தந்தையார் அப்போது உயிரோடு அதே அறையில் இருந்தார். ஞானஸ்நானம் பெறாத அண்ணன் ஆங்குச் சேர்ந்தது எங்ஙனம் எனத் தாம் வியந்ததாகவும், சுவிசேஷத்தைக் கேட்டிருப்பின் ஏற்றிருக்கக்கூடியோர் யாவரும் அவ்வுலகிற்கு உரியரே என விடை வந்ததாகவும் அவர் உரைத்தார்.

விடை கிடைத்தது, ஆயின் விதி நின்றது. ஞானஸ்நானம் இன்றியமையாதது என்பதை யோசேப்பு விட்டாரல்லர். 1840ஆம் ஆண்டு ஆகத்து 15ஆம் நாள், இலினோய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நோவூ நகரில், அடக்க ஆராதனை ஒன்றில், பவுலின் வசனத்தை எடுத்துக்கொண்டு, மரித்தோர்க்காக உயிருள்ளோர் ஞானஸ்நானம் பெறலாம் என முதன்முறையாக வெளிப்படப் போதித்தார். ஞானஸ்நானம் பெறாத மகனை இழந்த கைம்பெண் ஒருத்தி அக்கூட்டத்தில் இருந்தாள். சின்னாட்களில் அவள் அம்மகனுக்காக மிசிசிப்பி ஆற்றில் மூழ்கினாள். அடுத்த மாதத்தில் மரணப்படுக்கையிற் கிடந்த தந்தையார் இச்செய்தியைக் கேட்டு, அல்வினுக்கு அதனைத் தாமதியாது செய்க என வேண்டினார் எனத் தாயார் எழுதியுள்ளார். அல்வினுக்காக மூழ்கியவர் தம்பி ஹைரம். அடக்க நாளிற் கேட்ட சொல்லுக்குப் பதினேழு ஆண்டுகளின் பின் அக்குடும்பம் கண்ட மறுமொழி இதுவாகும்.

ஆற்றில் நடந்த சடங்கு பின்னர் ஆலயத்துக்கே உரியதாயிற்று. 1841ஆம் ஆண்டு நவம்பரில் நோவூ ஆலயத்தின் நிலவறையிற் பன்னிரண்டு எருதுகளின் முதுகிலே தாங்கப்பட்ட தொட்டி அமைக்கப்பட்டது. ஆடவர்க்கு ஆடவரும் பெண்டிர்க்குப் பெண்டிருமே பதிலாளராதல் வேண்டும் என்பது 1845 முதல் விதியாயிற்று. இச்சடங்கு மரித்தவரைத் தாமே கிறித்தவராக்கிவிடுவதில்லை என்பது அச்சபையின் போதனை. மறுமையில் ஆவிகளின் உலகில் அவருக்குச் சுவிசேஷம் அறிவிக்கப்படும். தமக்காகச் செய்யப்பட்டதை ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். 1918ஆம் ஆண்டு ஒக்டோபரில், மூத்த மகனை இழந்த துயரில் இருந்த ஆறாம் தலைவர் யோசேப்பு எப். சிமித் கண்டதாக வெளியிட்ட தரிசனம் இப்போதனையை விரிவாக்கியது. அது 1976இல் வேதநூற் றொகுதியிற் சேர்க்கப்பட்டது.

இரு கொள்கைகளும் எதிர்நிற்குமிடம்

மோர்மன் நெறி பொதுக் கிறித்தவத்தினின்று வேறுபடுவது மரித்தோர் விடயத்தில் மாத்திரம் அன்று. மீட்பு என்னுஞ் சொல்லே ஈரிடத்தும் பொருள் வேறுபடுகின்றது. பொதுக் கிறித்தவத்தில் மீட்பும் மோட்சமும் ஒன்றே. மோர்மன் நெறியிலோ மரணத்தினின்றும் மீட்சி, அதாவது உயிர்த்தெழுதல், அனைவர்க்கும் கிறிஸ்துவால் இலவசமாக வருவது; ஏறக்குறைய எல்லோரும் ஏதேனும் ஒரு மகிமை உலகை எய்துவர். ஆயின் முதலுலகின் உச்சநிலையாகிய மேன்மைப்பாடு வேறு. அதற்கு விசுவாசமும் மனந்திரும்புதலும் ஞானஸ்நானமும் மட்டும் போதா. ஆலயச் சடங்குகளும், கணவன் மனைவியரை என்றைக்குமாகப் பிணிக்கும் திருமணமும் வேண்டும்.

இங்கேதான் கருத்து மாறுபாடு மிகக் கூர்மையடைகின்றது. உயிர்த்தெழுந்தபின் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை எனச் சுவிசேஷம் கூறுதலின், மோட்சத்தின் இன்பம் இறைக்காட்சியே எனப் பொதுக் கிறித்தவர் கொள்வர். மோர்மன் நெறியார்க்கோ குடும்ப உறவு மறுமையிலும் அறாது தொடர்தலே மோட்சத்தின் இயல்பு. 1844ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஆற்றிய பேருரையில் யோசேப்பு சிமித், இறைவனே ஒருகாலத்து மனிதனாயிருந்தார் என்றும், மனிதன் அவரைப்போல் ஆகக்கூடும் என்றும் கூறினார். கீழைத் திருச்சபையார் மனிதன் தெய்வத் தன்மையிற் பங்குபெறுதலைப் போதிப்பர். ஆயினும் அவர்க்கு அது அருளால் வரும் பங்கேயன்றி, படைத்தோனும் படைக்கப்பட்டதும் ஓரினம் ஆதல் அன்று. அவ்வுரை நிகழ்ந்து மூன்று மாதத்துள், சூன் 27ஆம் நாள், சிமித்தும் ஹைரமும் கார்த்தேஜ் என்னும் இலினோய்ச் சிற்றூரின் சிறையில் வன்கூட்டத்தாற் கொல்லப்பட்டனர்.

பெயர் தேடும் பெரும்பணி

கொள்கை ஒன்று தன் முடிவு வரையிற் பின்பற்றப்படின் எத்தகைய நிறுவனங்களைத் தோற்றுவிக்கும் என்பதற்கு அச்சபையின் பிற்கால வரலாறு எடுத்துக்காட்டாகும். 1847இல் யூற்றாப் பாலைநிலத்திற் குடியேறிய சபையார், 1877இற் சென்ற் ஜோர்ஜ் ஆலயத்தை நிறுவி மரித்தோர்க்கான பிற சடங்குகளையும் தொடங்கினர். ஞானஸ்நானம் பெயரால் நடைபெறுதலின், பெயரறியா முன்னோர்க்கு அதனைச் செய்தல் இயலாது. ஆகவே 1894இல் யூற்றா மரபுவழி ஆய்வுச் சங்கம் அமைந்தது. 1938 முதல் உலக நாடுகளின் பிறப்பு, விவாக, மரணப் பதிவேடுகள் நுண்படச் சுருள்களிற் பதியப்பட்டன. 1960களிற் சோல்ற் லேக் நகரையடுத்த கருங்கன் மலையைக் குடைந்து அமைத்த காப்பகத்தில் அவை வைக்கப்பட்டன. இருபத்துநான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட அச்சுருள்களின் பதிவுகளை மின்னுருவாக்கும் பணி 2021இல் நிறைவெய்தியது. அச்சமயத்தைச் சாராத வரலாற்றாசிரியரும் குடும்ப வரலாறு தேடுவோரும் இன்று அவற்றாற் பயன்பெறுகின்றனர். 2023ஆம் ஆண்டின் முடிவில் தன் உறுப்பினர் 1 கோடியே 72 இலட்சத்துக்கு மேற்பட்டோர் எனச் சபை அறிவித்தது.

இப்பணி வேதனையையும் விளைத்தது. நாசிகளாற் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களும் ஞானஸ்நானப் பட்டியலில் இருத்தல் தெரியவந்தபோது யூதர் கொதித்தெழுந்தனர். யூதர் என்பதற்காகவே கொல்லப்பட்டோரை இறந்தபின் வேற்றுச் சமயத்தாராய்ப் பதிதல் அவர்களின் நினைவையும் அழித்தலாகும் என்பது அவர் முறையீடு. மரித்தவர் மறுக்கலாம் என்னும் மறுமொழி, அவர் பெயர் அனுமதியின்றி எடுக்கப்பட்டது என்னும் முறையீட்டைத் தீர்ப்பதன்று. 1995இல் உடன்படிக்கை ஏற்பட்டு மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டன. மீறல்கள் தொடர்ந்தமையால் 2012இற் சபைத்தலைமை மீண்டும் கண்டிப்பான கட்டளை பிறப்பித்தது. கத்தோலிக்கத் தலைமைப்பீடம், திரித்துவக் கொள்கை வேறுபாட்டைக் காரணங்காட்டி, மோர்மன் ஞானஸ்நானம் செல்லாது என 2001இல் அறிவித்தது. 2008இல் பங்குப் பதிவேடுகளை அச்சபைக்குக் கொடாதிருக்குமாறு பணித்தது.

மற்றொரு முரணும் உண்டு. இறந்தோர் அனைவர்க்கும் வாயில் திறந்த சபை, உயிரோடிருந்த கறுப்பின ஆடவர்க்குக் குருத்துவத்தையும், கறுப்பின மக்கள் இருபாலார்க்கும் ஆலயத்தின் உயர் சடங்குகளையும் நூறாண்டுக்கு மேலாக மறுத்தது. அத்தடை 1978ஆம் ஆண்டு சூன் மாதத்திலேயே நீங்கியது. கொள்கையின் பரப்பும் நடைமுறையின் குறுக்கமும் ஒரே வீட்டில் உடனிருந்தன.

பொதுக் கிறித்தவமும் பழைய நிலையிலேயே நிற்கவில்லை. தம் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாது, நேர்மையான உள்ளத்தோடு இறைவனைத் தேடுவோரும் மீட்பெய்தல் கூடும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் உரைத்தது. ஞானஸ்நானம் பெறாது இறந்த குழந்தைகள் மீட்கப்படுவர் என நம்புதற்குத் தக்க ஏதுக்கள் உள என, கத்தோலிக்கத் திருச்சபையின் பன்னாட்டு இறையியற் குழு 2007இற் கூறியது. லிம்போ ஒருபோதும் கட்டாய விசுவாசமாய் இருந்ததில்லை என்பதும் அப்போது எடுத்துக்காட்டப்பட்டது. புரட்டஸ்தாந்தருள் ஒருசாரார் பழைய கண்டிப்பில் நிற்க, ஒருசாரார் அவரவர் பெற்ற ஒளிக்கேற்பவே தீர்வை என்பர்.

முடிவுரை

இவ்வரலாற்றை நோக்குமிடத்து, மோர்மன் கொள்கை தளர்ச்சியின் விளைவு என்பாரின் கூற்றுப் பொருந்தாமை புலனாகும். ஞானஸ்நானம் வேண்டும் என்னும் விதியில் அது எச்சபையினும் இறுக்கமானது. இறைவன் தன் கருணையால் அவ்விதியின்றியும் மீட்கக்கூடும் எனப் பொதுக் கிறித்தவம் காலப்போக்கில் ஒப்புக்கொண்டது. விதியை வைத்துக்கொண்டு அதன் எல்லையை இறைவன் திருவுளத்துக்கு விட்டது. மோர்மன் நெறியோ விதியை ஓர் அணுவும் நெகிழ்த்தாது, அதனை நிறைவேற்றுங் காலத்தை மரணத்தின் அப்பாலும் நீட்டியது. ஒன்று விதியின் பரப்பைச் சுருக்கியது. மற்றொன்று காலத்தின் பரப்பை விரித்தது. இரண்டையும் உந்தியது ஒரே உறுத்தலாகும்: கேளாதவனைக் கேளாமைக்காகத் தண்டித்தல் நீதியோ என்பது.

இராட்போட் தொட்டியினின்று மீட்ட காலும், யப்பானியர் சிந்திய கண்ணீரும், அல்வினின் தந்தை மரணப்படுக்கையில் விடுத்த வேண்டுகோளும் கேட்டது ஒன்றே. தாம் அன்பு செய்தவர் இல்லாத மோட்சம் மோட்சமாகுமோ என்னும் அவ்வினாவுக்கு மறுமொழி கூறாத கொள்கை, எத்துணை நுண்ணிதாயினும், மக்கள் உள்ளத்தில் அமைதியாகத் தங்கியதில்லை. அவ்வினாவை எழுப்பியோர் பெரும்பாலும் இறையியலார் அல்லர். தம்மவரை இழந்தோரே ஆவர்.